படத்திற்கு ஏற்ற கோப்பு

கைப்பேசியில் எடுக்கும் ஒளிப்படம், கணினியில் வரையும் ஓவியம், பள்ளியின் சின்னம் ஆகிய யாவும் கணினிக்குள் எண்களாகவே இருக்கின்றன. அவ்வெண்களை அடுக்கி வைப்பதற்கு வகுக்கப்பட்ட முறையே கோப்பு வடிவம் எனப்படும். எல்லாப் படங்களுக்கும் பொருந்தும் ஒரே வடிவம் இல்லை. படத்தின் இயல்பையும் அதன் பயனையும் அறிந்தே வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

சுருக்கம் ஏன்?

ஒளிப்படம் மிகச் சிறிய வண்ணக் கட்டங்களால் ஆனது. கட்டம் ஒவ்வொன்றும் பிக்சல் எனப்படும். 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் உடைய படத்தில் 1 கோடியே 20 இலட்சம் பிக்சல்கள் உள்ளன. ஒரு பிக்சலின் வண்ணத்தைக் குறிக்கப் பொதுவாக 3 பைட்டுகள் தேவை. ஆகவே, அப்படத்தை அப்படியே சேமித்தால் 36 மெகாபைட் இடம் வேண்டும். இதனைக் குறைக்கவே சுருக்க முறைகள் தோன்றின. அவை இரு வகைப்படும்.

முதலாவது, இழப்பில்லாச் சுருக்கம். ஒரே நீலம் நூறு கட்டங்களில் தொடர்ந்து வந்தால், நூறு முறை எழுதாமல் "நீலம், நூறு" என எழுதுவது போன்றது இது. விரிக்கும்போது முன்பிருந்த படம் மாறாமல் கிடைக்கும். இரண்டாவது, இழப்புச் சுருக்கம். இது கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களை விட்டுவிடும். விட்டவற்றை மீண்டும் பெற இயலாது.

ஜேபெக்

ஒளிப்படங்களுக்கு ஏற்றது ஜேபெக். இக்கோப்பின் பெயர் பெரும்பாலும் ஜேபிஜி என முடியும். 1992இல் வகுக்கப்பட்ட இவ்வடிவம் இழப்புச் சுருக்கத்தைப் பயன்படுத்துகிறது. படத்தை 64 பிக்சல்கள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நுண்விவரங்களைக் குறைக்கிறது. இதற்கு அடிப்படையான கணக்கு முறையைப் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்டனர்.

முகம், மலை, கடல் போன்றவற்றில் வண்ணம் மெல்ல மெல்ல மாறுவதால் இழப்பு எளிதில் தெரிவதில்லை. எழுத்தின் நிலை வேறு. அதன் விளிம்பு கூர்மையானது. தமிழ் எழுத்தில் சிறு புள்ளியும் பொருள் தரும். எழுத்து சிறிதாகவும் சுருக்கம் மிகுதியாகவும் இருந்தால், மெய்யெழுத்தின் புள்ளி மங்கிப்போகும். அப்போது 'பல்' என்பது 'பல' எனத் தோன்றும்.

பிஎன்ஜி, ஜிஃப்

1987இல் தோன்றிய ஜிஃப், ஒரு படத்தில் 256 வண்ணங்கள் வரையே ஏற்கும். அதனால் ஒளிப்படத்திற்கு ஏற்றதன்று. சிறு அசைபடங்களுக்கு இன்றும் பயன்படுகிறது. ஜிஃப் கையாண்ட சுருக்க முறைக்குக் காப்புரிமை இருந்தது. அத்தடையின்றி எவரும் பயன்படுத்தும் வண்ணம் 1996இல் பிஎன்ஜி வெளிவந்தது. பிஎன்ஜி இழப்பில்லாதது, பின்புலம் தெரியாதவாறு படத்தை அமைக்கவும் இடம் தருவது. எழுத்துகள் நிறைந்த படம், திரைப்பிடிப்பு, வரைபடம் ஆகியவற்றிற்கு இதுவே தக்கது. ஆயினும், ஒளிப்படத்தை இவ்வடிவில் சேமித்தால் கோப்பு மிகப் பெரிதாகும்.

எஸ்விஜி

கோலத்தைப் பிறருக்குத் தெரிவிக்க இரு வழிகள் உள்ளன. தரையில் விழுந்த மாவுத்துகள் ஒவ்வொன்றின் இடத்தையும் குறிப்பது ஒரு வழி. "ஐந்து புள்ளி வைத்து, இவ்வாறு வளைத்து இழு" எனச் சொல்வது மற்றொரு வழி. முன் கூறிய வடிவங்கள் முதல் வழியைப் பின்பற்றுவன. எஸ்விஜி இரண்டாம் வழியைப் பின்பற்றுவது. ஆதலால், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதையாது. சின்னம், கோலம் போன்ற வரைகோட்டு ஓவியங்களுக்கு இது பொருந்தும், ஒளிப்படத்திற்குப் பொருந்தாது.

மூலப்படியைக் காத்தல்

ஊரிலிருந்து பாட்டி முன்னொரு காலத்தில் எழுதிய கடிதம் ஒன்றை வெளிமாநிலத்தில் வாழும் குடும்பம் படமாக்கிப் பாதுகாக்க விரும்பினால், மூன்று செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும்.

முதலில், கடிதத்தை ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் அளவில் வருடி, பிஎன்ஜி வடிவிலோ ஆவணக் காப்பகங்களில் பயன்படும் டிஃப் வடிவிலோ மூலப்படியாக வைத்தல் வேண்டும். அடுத்து, உறவினருக்கு அனுப்ப ஜேபெக் படி ஒன்றைத் தனியே உருவாக்கலாம். பல செய்திச் செயலிகள் அனுப்பும் படத்தை மேலும் சுருக்கிவிடுகின்றன. ஆவணமாக அனுப்பினால் அந்த இழப்பைத் தவிர்க்கலாம். மூன்றாவதாக, ஜேபெக் கோப்பைத் திறந்து பார்ப்பதால் அது கெடுவதில்லை. திருத்தித் திருத்திச் சேமித்தாலே இழப்பு சேரும். அவ்வாறு கெட்ட படத்தைப் பிஎன்ஜியாக மாற்றினாலும் இழந்த புள்ளி திரும்பி வாராது.

காகிதம் நைந்து மறைந்த பின், பாட்டியின் கையெழுத்து அந்தக் கோப்பில் மட்டுமே இருக்கும். எனவே, சுருக்கியது படியாக இருக்கட்டும். மூலம் முழுமையாக இருக்கட்டும்.

சொல்லும் பொருளும்

மூலப்படி – முதலில் உருவாக்கிய முழுமையான படி
பின்புலம் – படத்தின் பின்னணி
வருடுதல் – தாளைக் கருவியால் படமாக்கிக் கணினியில் ஏற்றுதல்
நைதல் – பழமையால் இற்றுப்போதல்

பயிற்சி

அ. பொருத்தமான கோப்பு வடிவத்தை எழுதுக.
1. கடற்கரையில் எடுத்த ஒளிப்படம்
2. சுவரளவு பெரிதாக்க வேண்டிய பள்ளிச் சின்னம்
3. தமிழ்ப் பாடல் வரிகள் உள்ள திரைப்பிடிப்பு

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. இழப்புச் சுருக்கத்திற்கும் இழப்பில்லாச் சுருக்கத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. எஸ்விஜி வடிவம் கோலம் போடும் முறையை எவ்வாறு ஒத்துள்ளது?

இ. புள்ளி நீங்கினால் பொருள் மாறும் சொற்கள் இரண்டனை எழுதுக.

ஈ. வீட்டிலுள்ள பழைய கடிதம் அல்லது ஒளிப்படம் ஒன்றைப் பெற்றோர் துணையுடன் படமாக்குக. அதை எவ்வடிவில் சேமித்தாய், ஏன் என ஐந்து தொடர்களில் எழுதுக.