பழைய வண்டியும் உடல் நோவும்

முகாம் முடித்து ஜீப்பில் திரும்பும் களப்பணியாளர், வண்டியை விட்டிறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நிமிர மாட்டாமல் நிற்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். அவர் சுமை தூக்கியவர் அல்லர், நெடுந்தொலைவு நடந்தவரும் அல்லர், உட்கார்ந்தே வந்தவர். வயதாகிவிட்டதென்று அவர் தம்மையே நொந்துகொள்வார். பெரும்பாலும் வயதாகியிருப்பது வண்டிக்கே. அப்பழுதில் ஒரு பெரும் பகுதி சிறு செலவில் நீங்கக்கூடியது என்பதால், அதன் காரணத்தை ஆராய்தல் பயனுடையதாகும்.

ஆசிரியர்கள் வகுப்பில் ஓர் எளிய சோதனையைச் செய்துகாட்டலாம். நீண்ட ரப்பர் நாடாவின் ஒரு நுனியில் கல்லொன்றைக் கட்டித் தொங்கவிடுக. மறு நுனியைப் பிடித்த கையை மெல்ல மேலும் கீழும் அசைத்தால், கல்லும் கையோடு சேர்ந்தே ஏறி இறங்கும். மிக விரைந்து அசைத்தால் கல் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு வேகத்திலோ, கை சிறிதே அசைந்தாலும் கல் பெரிதும் துள்ளும். இதனையே ஒத்ததிர்வு என்கிறோம்.

மனித உடலும் அக்கல்லை ஒத்ததே. உட்கார்ந்திருப்பவரின் முதுகுத்தண்டும் வயிற்றுறுப்புகளும், வினாடிக்கு 4 முதல் 8 முறை நிகழும் மேல்கீழ் அதிர்வுக்கு மிகுதியாக ஆட்படுகின்றன. 1974-இல் முதன்முதலாக வெளியான ஐ.எஸ்.ஓ. 2631 என்னும் பன்னாட்டுத் தரமும் இவ்வெல்லையையே உடலுக்கு மிகவும் ஒவ்வாததெனக் கொண்டது. நடக்கும்போது நம் உடல் வினாடிக்கு ஏறத்தாழ 2 முறை ஏறி இறங்குகிறது. அதனால் நோவு உண்டாவதில்லை. ஆதலின், வண்டியின் மேற்பகுதி வினாடிக்கு 1 அல்லது 1½ முறை மட்டும் அசையுமாறு ஸ்பிரிங்குகளை அமைப்பதே பொறியாளர் வழக்கம்.

இவ்வெண்ணைக் கணக்கிடுதல் எளிது. வண்டியின் எடையால் ஸ்பிரிங் எத்தனை செ.மீ. அமுங்குகிறதோ, அவ்வெண்ணால் 25-ஐ வகுத்து வர்க்கமூலம் காண்க. 11 செ.மீ. அமுங்கும் ஸ்பிரிங் வினாடிக்கு 1½ முறை அசையும். அமுக்கம் 1½ செ.மீ. அளவே ஆயின், விடை 4 ஆகிவிடும்!

பழைய வண்டியில் நேர்வது இதுவே. மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் காரின் பின்புறத்திலும், பழைய ஜீப்பின் நான்கு சக்கரங்களின் மேலும் அமைந்தவை பட்டை ஸ்பிரிங்குகள். ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள் தம்முள் வழுக்கினால்தான் ஸ்பிரிங் வளையும். சேறும் துருவும் ஏறிய பட்டைகள் வழுக்குவதில்லை. அப்பொழுது சிறு மேடு பள்ளங்களுக்கு ஸ்பிரிங் அசையவே அசையாது. வண்டி முழுவதும் டயர்களின் மீது மட்டுமே துள்ளும். டயர் அமுங்குவதோ ஒரு சில செ.மீ. அளவே. அதிலும் காற்றை அளவுக்கு மீறி அடைத்துவிட்டால், நாம் மேலே கண்ட 4 என்னும் எண்ணை நோக்கி வண்டி நெருங்குகிறது. வில்லுச் சுருள் வைத்த பழைய இருக்கையின் இயல்பான அதிர்வும் அதனை ஒட்டியதே ஆதலின், அது அதிர்வைத் தணிப்பதற்கு மாறாகப் பெருக்கித் தருகிறது. மெத்தென்ற இருக்கை எப்போதும் நல்லது என்னும் எண்ணம் பிழையானது.

ஷாக் அப்சார்பர் தேய்ந்த வண்டியின் கதை வேறு. அது நெடுநேரம் ஊஞ்சல்போல் ஆடும். பெரும் பள்ளத்தில் அச்சு மேலேறி முட்டு ரப்பரில் மோத, அடி நேரே முதுகெலும்புக்குச் செல்லும். முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த தட்டுகளே இவ்வடியைத் தாங்குகின்றன. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதரின் தட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது உள்ளதைவிட, முன்குனிந்து உட்காரும்போது அழுத்தம் மிகுதி என்பது அதனால் விளங்கிற்று. அம்பாசடரின் நீண்ட ஒற்றை இருக்கையில் ஓட்டுநர் பக்கம் குழிந்துவிட்டால் அவர் கோணலாகவும் குனிந்தும் உட்கார நேரிடும். இருக்கையில் பக்கத் தாங்கல் இன்மையால், திருப்பங்களில் அவர் ஸ்டீயரிங்கைப் பற்றியே தம்மை நிறுத்திக்கொள்கிறார். தோள் வலி இங்கே தொடங்குகிறது.

சாலையும் இதிற் பங்கு கொள்வது. மண்சாலையில் அலையலையாகப் படியும் மேடுகள் 70 செ.மீ. இடைவெளியில் உள்ளன என்று கொள்வோம். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியை அவை வினாடிக்கு 4 முறை தாக்கும். அனுபவமுள்ள ஓட்டுநர் இவ்விடத்தில் வேகத்தைக் கூட்டுவதன் இரகசியம் இதுதான். ஆயினும் அப்போது சக்கரம் தரையை விட்டெழுவதால் பிடிப்புக் குறையும். வளைவுகளில் இம்முறை ஆபத்தானது.

இனிச் செய்யத்தக்கவை. டயரின் காற்றைக் குளிர்ந்த நிலையில் அளந்து, குறித்த அளவே வைத்திருக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங்குகளைக் கழற்றித் துருவைச் சுரண்டிக் கிராபைட் கிரீஸ் இடலாம். ரப்பர் புஷ்களில் மட்டும் எண்ணெய் படலாகாது. ரப்பர் உப்பிக் கெடும். வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விட்டால், ஒன்றிரண்டு அசைவில் அது அடங்க வேண்டும். மேலும் ஆடினால் ஷாக் அப்சார்பரை மாற்றுக. குழிந்த இருக்கைக்கு அடியில் ஒரு பலகையும், இடுப்பின் வளைவில் மடித்த துண்டு ஒன்றும் வைத்தல் நலம். மணிக்கொரு முறை இறங்கிச் சில நிமிடம் நடக்க வேண்டும்.

நெடும்பயணத்தின் முடிவில் முதுகுத் தசைகள் களைத்திருக்கும். வண்டி நின்றதும் கருவிப்பெட்டியைக் குனிந்து தூக்குவது நம்மவர் வழக்கம். அந்நேரத்தில்தான் முதுகு பிடித்துக்கொள்வதும் எளிது. பத்து நிமிடம் உலவியபின் இருவராகச் சேர்ந்து இறக்கலாம். வலி காலுக்கு இறங்குமாயினும், கால் மரத்துப்போகுமாயினும், அது பட்டறையில் தீரும் பழுதன்று. மருத்துவரிடமே செல்ல வேண்டும்.