நாயின் கண் காயமும் நமது சொட்டு மருந்தும்

கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் அழற்சி தணிய ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து வழங்கப்படுகிறது. அதில் மிஞ்சியதை, கண் சிவந்த வளர்ப்பு நாய்க்கு இடுவது பெருந்தீங்காகும். முள்ளோ பூனையின் நகமோ கீறினால் நாயின் கருவிழியில் புண் உண்டாகலாம். ஸ்டீராய்டு அப்புண்ணை ஆறவிடாது; தொற்றுக்கு இடமளிக்கும்; கருவிழியில் துளை விழவும் கூடும். நமக்குச் சிவப்பு மட்டுமே தெரியும். புண் உள்ளதா என்பதைக் கால்நடை மருத்துவர் ஃபுளோரசின் சாயமிட்டுக் கண்டறிவார்.

கண்ணை இடுக்குதல், நீர் வடிதல், பாதத்தால் தேய்த்தல், கருவிழி மங்குதல் ஆகியவை காயத்தின் அறிகுறிகள்.

செய்ய வேண்டியவை:

• தூசி விழுந்திருந்தால் சலைன் நீரால் கழுவுங்கள். சுண்ணாம்பு, சோப்பு போன்றவை பட்டிருந்தால் சுத்தமான நீரால் 15 நிமிடமேனும் கழுவுங்கள்.

• குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள், கண்ணை அழுத்தாதீர்கள்.

• கழுத்தில் கூம்புப் பட்டை அணிவித்து, தேய்ப்பதைத் தடுங்கள்.

• பக் போன்ற தட்டைமுக நாய்களுக்கு விழி பிதுங்கினால் உள்ளே தள்ளாதீர்கள். சலைனில் நனைத்த துணியால் மூடி உடனே கொண்டுசெல்லுங்கள்.

• நமக்குரிய வலி மாத்திரைகளைத் தராதீர்கள். ஐபுப்ரூஃபன் நாய்க்கு நஞ்சாகும்.

வலியால் துடிக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். கடித்தால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள்.

திறந்து ஒரு மாதமான சொட்டு மருந்து உங்களுக்கும் ஆகாது, அப்புறப்படுத்திவிடுங்கள்.