மக்பெத் நாடகமும் வகுப்பறைக் கருவிகளும்

ஆங்கில இலக்கியங் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இக்காலத்தில் வாய்த்துள்ள துணைக்கருவிகள் பல. முன்னாளிற் கரும்பலகையும் வெண்கட்டியும் பாடநூலின் ஒரு படியுமே அவர் கைக்கொண்டவை. இன்றோ ஒலிப்பதிவு, திரைப்படம், கணினி, இணையம், கைத்தொலைபேசி என்பன நகரத்துப் பாடசாலைகளில் மாத்திரமன்றிக் கிராமத்து மாணாக்கர் பலரிடத்தும் வந்து சேர்ந்துவிட்டன. இவற்றைப் போற்றுவாரும் உளர், தூற்றுவாரும் உளர். இரு திறத்தாரும் பொதுப்படப் பேசுதலால் உண்மை துலங்குவதில்லை. ஆதலின், ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு, அதனைக் கற்பிக்குங்கால் எக்கருவி எவ்விடத்திற் பயன்படும், எவ்விடத்தில் ஊறு செய்யும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட நாடகம் சேக்ஸ்பியர் இயற்றிய மக்பெத்.

ஸ்கொத்லாந்து நாட்டுத் தளபதி மக்பெத், சூனியக்காரிகள் மூவர் மொழிந்த வருங்குறி கேட்டு, மனைவியின் தூண்டுதலும் உடன்சேர, தன் மனையில் விருந்தாய் வந்த மன்னன் டங்கனைத் துயிலிடைக் கொன்று முடிபுனைகின்றான். பின்னர்க் கொலைமேற் கொலை செய்து தானும் அழிகின்றான். கதை இவ்வளவே. இக்கதையை ஐந்து நிமிடத்திற் கூறிவிடலாம். ஆனால் நாடகம் வாழ்வது கதையில் அன்று, சொல்லிலே என்பதை மாணாக்கன் உணர்தல் வேண்டும். இவ்வுணர்வுக்குத் துணைநிற்றலே கருவியின் கடன்.

முதலிற் செவிக்குரிய கருவியை நோக்குவோம். எடிசன் ஒலிப்பதிவுப் பொறியை 1877இல் அமைத்தார். 1890இல் தெனிசன் என்னும் பெருங்கவிஞர் தம் பாடலைத் தாமே மெழுகுருளையிற் பதிவு செய்தார். 1957 முதல் 1964 வரை கேம்பிரிட்ஜ் நாடகக் கழகத்தாரின் துணையுடன் சேக்ஸ்பியர் நூல்கள் யாவும் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. இவற்றின் வழிவந்த ஒலிப்பதிவுகள் பல இன்று எளிதிற் கிடைக்கின்றன. மக்பெத் நாடகத்தில் தலைமக்கள் பெரும்பாலும் அடிக்கு ஐந்து அழுத்தம் பெறும் செய்யுளிற் பேசுவர். சூனியக்காரிகளோ அடிக்கு நான்கு அழுத்தமே கொண்டு, முதலசையிலேயே ஓங்கி ஒலிக்கும் செய்யுளிற் பேசுவர். அகவலோசையையும் துள்ளலோசையையும் செவிகொண்டு பிரித்தறியும் தமிழ் மாணாக்கனுக்கு இவ்வேறுபாட்டை விளக்கவுரையால் உணர்த்துதல் அரிது. ஒருமுறை கேட்பித்தால் அவனே கண்டுகொள்வான்.

இன்னுமோர் இடம் உண்டு. மன்னனைக் கொன்ற கையோடு கணவனும் மனைவியும் நிற்கையில், கோட்டைக் கதவு தட்டப்படும் ஓசை எழுகின்றது. அச்சிட்ட ஏட்டில் அது ஒரு சிறு குறிப்பு மாத்திரமே. படிப்போன் கண் அதனைத் தாண்டிச் சென்றுவிடும். டி குவின்சி என்னும் அறிஞர் 1823இல் அத்தட்டொலியைப் பற்றித் தனிக்கட்டுரையே வரைந்தார். கொலையின்போது மனித உலகம் நின்றுபோயிருந்தது. தட்டொலியோடு அது மீளவும் இயங்கத் தொடங்குகின்றது. அந்நின்றுபோன நிலையின் கொடுமை அப்பொழுதுதான் நமக்குப் புலனாகின்றது என்பது அவர் கருத்து. ஒலிப்பதிவில் அவ்வோசையைக் கேட்ட பின்னர், அவ்விடத்தை மாணாக்கர் தாமே வாய்விட்டுப் படித்தல் வேண்டும். கேட்டதோடு அமைந்தால் அது பொழுதுபோக்காய் முடியும்.

இனிக் கண்ணுக்குரியது. சேக்ஸ்பியர் இறந்தது 1616இல். மக்பெத் முதன்முதல் அச்சேறியது 1623ஆம் ஆண்டில் வெளிவந்த பெருந்தொகுப்பிலே. அத்தொகுப்பின் பக்கங்களை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக நூலகம் 2013இல் இணையத்தில் ஏற்றியது. முன்னர் ஆராய்ச்சியாளர் சிலர்க்கே காணக்கிடைத்த ஏடு இன்று எவ்வூர் மாணாக்கனுக்குங் கிடைக்கின்றது. இதனாற் பயன் யாது எனின், கூறுதும். இக்காலப் பதிப்புகள் சூனியக்காரிகளை ‘வியர்ட்’ சகோதரிகள் என்று குறிக்கும். அச்சொல்லின் பழம்பொருள் விதி என்பது. 1623ஆம் ஆண்டு ஏட்டிலோ அச்சொல் அவ்வாறில்லை. சில இடங்களில் ‘வேவர்ட்’ என்று படிக்கத்தக்கதாய், நெறிதவறியவர் என்னும் பொருளையும் நினைவூட்டி நிற்கின்றது. 1733இல் நாடகங்களைப் பதிப்பித்த தியோபால்ட் என்பாரே அதனைத் திருத்தினார். அப்பெண்டிர் விதியின் வடிவினரா, அன்றி நெறிகெட்ட கிழவியரா? விதியெனின் மக்பெத்தின் குற்றத்தில் ஒரு பங்கு விதியைச் சாரும். நெறிகெட்டவரெனின் குற்றம் முழுதும் அவனையே சாரும். ஒரு சொல்லின் எழுத்து வடிவம் நாடகத்தின் அறத்தையே தொட்டு நிற்றலைக் காண்க.

பாடபேதம் ஆராய்தல் நம்மவர்க்குப் புதிதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏட்டுப்பிரதிகளைத் தேடியெடுத்து ஒப்புநோக்கி, வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். அவர் ஊரூராய்த் தேடிய பிரதிகளை ஒக்கும் மூலம் இன்று மாணாக்கன் கண்முன்னே திரையில் வருகின்றது. ஆயினும் ஒப்புநோக்கும் பொறுமையைத் திரை தருவதில்லை. அதனை ஆசிரியரே பழக்குதல் வேண்டும்.

மூன்றாவது, சொற்றேடும் கருவி. மேரி கவ்டன் கிளார்க் என்னும் அம்மையார் சேக்ஸ்பியர் நாடகங்களுக்குச் சொல்லடைவு ஆக்கப் பதினாறு ஆண்டுகள் உழைத்தார்; அது 1845இல் நிறைவெய்தியது. இன்று கணினி அப்பணியை ஒரு நொடியிற் செய்கின்றது. இரத்தம் என்னும் பொருள்படும் சொல்லை மக்பெத் முழுவதும் தேடுமாறு மாணாக்கரை ஏவுக. தொடக்கத்தில் அது போர்வீரன் ஒருவனின் புண்ணில் தோன்றி வீரத்தின் அடையாளமாய் விளங்கும். இரண்டாம் அங்கத்திற் கொலைஞன் கையிற் கறையாகும். அக்கறையைச் சிறிது நீர் போக்கிவிடும் என்று அன்று எளிதாய்க் கூறிய மக்பெத் சீமாட்டியே ஐந்தாம் அங்கத்தில் உறக்கத்தில் நடந்து, இல்லாத கறையை ஓயாது கழுவுகின்றாள். ஒரு சொல்லைப் பின்தொடர்ந்தே நாடகத்தின் போக்கை மாணாக்கர் கண்டறிவர்.

ஆனால் இக்கருவியின் எல்லையையும் உடன் காட்டுதல் வேண்டும். நான்காம் அங்கத்தில், மனைவியும் மக்களும் கொல்லப்பட்ட செய்தி மக்டவ் என்பானுக்கு வருகின்றது. அவன் நீண்ட புலம்பல் புலம்புவதில்லை. ‘எல்லாருமா’ எனப் பொருள்படும் ஓரசைச் சொல்லையே மீளமீள வினவுகின்றான். அச்சொல்லைக் கணினியில் தேடினால் நாடகமெங்கும் எண்ணற்ற இடங்களில் அகப்படும். அவற்றுள் எது ஒரு தந்தையின் நெஞ்சம் உடைந்த இடம் என்று கணினி காட்டாது. அதனைக் காண்பவன் படிப்பவனே.

நான்காவது திரைப்படம். குரோசாவா என்னும் யப்பானியர் 1957இல் இக்கதையைத் தம் நாட்டுப் பழங்காலச் சூழலில் அமைத்துப் படமாக்கினார். சேக்ஸ்பியரின் ஓரடியும் அதில் இல்லை. விருந்தின்கண் கொலையுண்டவனின் ஆவி தோன்றும் காட்சியை அவர் கண்கூடாகக் காட்டுகின்றார். திரெவர் நன் இயக்கி 1979இல் தொலைக்காட்சியில் வந்த படத்திலோ மக்பெத் வெறும் இருக்கையைப் பார்த்தே நடுங்குகின்றான். மூலத்தில் ஆவி புகுந்து மக்பெத்தின் இருக்கையில் அமரும் என்ற குறிப்பு உண்டு. ஆனால் அவையில் வேறெவரும் அதனைக் காண்பதில்லை. எவ்வியக்குநர் மூலத்தை நன்கு உணர்ந்தார் என்று வினாவினால் வகுப்பு விழித்தெழும். ஒன்று மாத்திரம் நினைவிற் கொள்ளத்தக்கது: படத்தை முதலிற் காட்டலாகாது. முதலிற் காட்டின் நடிகன் முகமே மக்பெத்தின் முகமாய்ப் பதிந்து, மாணாக்கனின் கற்பனை முளையிலேயே கருகிவிடும். காட்சியைப் படித்தபின் பத்து நிமிடம் காட்டுதல் போதும்.

இறுதியாக, எழுதும் பொறியைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி வெளிவந்தது முதல், மக்பெத்தின் குணவியல்பு யாது என்று வினாவினால் கட்டுரையே விடையாய்க் கிடைக்கின்றது. இது புதிய கேடென்று பலர் அஞ்சுவர். உண்மையில் இது பழைய நோயின் புதிய வடிவம். நாடகத்தைத் திறந்தும் பாராது, கடையில் வாங்கிய வினாவிடைக் குறிப்பை நெட்டுருப் பண்ணித் தேர்விற் சித்தியடைந்தோர் எக்காலத்தும் இருந்தனர். அன்றுந் தம் கண்ணாற் படியாதார் படியாதாரே. வேறுபாடு யாதெனின், குறிப்பை மனனஞ் செய்யவேனும் அன்று உழைப்பு வேண்டியிருந்தது. இன்று அதுவும் வேண்டா. மேலும் இப்பொறி, நூலில் இல்லாத அடியை உள்ளதுபோல் மேற்கோள் காட்டுதலும் உண்டு.

இதனைத் தடுக்க விலக்கொன்றே போதாது. மாணாக்கர் முதலில் வகுப்பிலேயே தம் கையால் ஒரு பக்கம் எழுதுக. அடுத்து, பொறி தந்த விடையை முன்வைத்து, அதன் ஒவ்வொரு கூற்றுக்கும் நாடகத்திற் சான்று தேடுக. சான்றில்லாதவற்றை அடித்து நீக்குக. அப்பொழுது பொறியே மாணாக்கனை மூலத்தின்பால் மீள அனுப்பும். ஆங்கில ஆசிரியர் வாய்க்காத ஊரில் தனித்திருந்து பயிலும் பிள்ளைக்கு, அருஞ்சொற்பொருள் கூறும் துணையாகவும் அது உதவும். அந்நன்மையை மறுத்தல் நீதியன்று. கருவியைப் பயன்படுத்தியபின் மாணாக்கன் நூலைத் திறக்கின்றானா, மூடுகின்றானா என்பதே எல்லாக் கருவிக்கும் பொதுவான உரைகல்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலர் தாம் பயின்ற கல்லூரிக்குக் கணினிகளும் திரைகளும் வழங்கிவருதல் மகிழ்ச்சிக்குரியது. அக்கொடை தொடர்க. அதனோடு, ஒரு வகுப்புப் பிள்ளைகள் அனைவர் கையிலும் ஒவ்வொன்றாய் இருக்கத்தக்க நாற்பது நாடகப் படிகளையும் சேர்த்து வழங்குவார்களாக. கதவு தட்டும் ஓசையைக் கேட்ட பிள்ளை, உடனே திருப்பிப் பார்க்கத் தன் கையில் ஒரு பக்கம் இருத்தல் வேண்டும்.