பனிச்சரிவு: மலையில் ஸ்னோமொபைல் ஓட்டுபவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ரெவல்ஸ்டோக், ஃபெர்னி, மெக்பிரைட் போன்ற மலையூர்களுக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஸ்னோமொபைல் ஓட்டுபவர்கள் திரண்டு வருகிறார்கள். யாரும் தடம் பதிக்காத ஆழ்பனியில் வண்டியை ஏற்றுவதில் அவர்களுக்குத் தனி இன்பம். அந்தப் பனிதான் சரிந்து ஆளைப் புதைக்கவும் செய்கிறது.

பனியில் புதைந்தவர்களைப் பத்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் பிழைப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். மீட்புக் குழுவின் ஹெலிகாப்டர் பத்து நிமிடங்களில் வந்து சேராது. உங்களைத் தோண்டி எடுக்கப் போவது உங்களோடு வண்டி ஓட்டி வந்தவர்கள்தான். அவர்களைத் தோண்டி எடுக்கப் போவது நீங்கள்தான். இதை மனத்தில் வைத்துக் கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

புறப்படும் முன்

செய்ய வேண்டியவை:

- முன்னறிவிப்பைப் படியுங்கள். அவலாஞ்ச் கனடா அமைப்பு குளிர்காலத்தில் நாள்தோறும் வட்டார வாரியாக அபாய அளவை வெளியிடுகிறது. அதில் ஐந்து படிகள் உண்டு. 3ஆம் படி என்றால் மனிதர் கால் பட்டோ வண்டி ஏறியோ பனி சரியும் வாய்ப்பு அதிகம் என்று பொருள். எண்ணைப் பார்த்ததோடு நிறுத்தாமல், எந்த உயரத்தில், எந்தத் திசை பார்த்த சாய்வில் சிக்கல் என்பதையும் படியுங்கள்.
- டிரான்ஸீவர், புரோப் கோல், ஷவல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்ஸீவர் புதைந்தவர் இருக்கும் பக்கம் காட்டும். புரோப் கோல் சரியான இடத்தையும் ஆழத்தையும் உறுதிசெய்யும். ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கும் மேல் பனியை அள்ள வேண்டியிருக்கும் என்பதால் உலோக ஷவலே வேண்டும்.
- கிளம்பும் இடத்திலேயே ஒவ்வொருவருடைய டிரான்ஸீவரும் சிக்னல் அனுப்புகிறதா, பெறுகிறதா, பேட்டரி போதுமா என்று சோதியுங்கள்.
- பனிச்சரிவுத் திறன்களைக் கற்றுத்தரும் இரண்டு நாள் ஏ.எஸ்.டி. 1 பயிற்சியில் சேருங்கள். ஸ்னோமொபைல் ஓட்டுபவர்களுக்கென்றே தனி வகுப்புகளும் உண்டு. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் தேடும் முறையைத் திரும்பப் பழகுங்கள்.
- செல்போன் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குகளில் செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி வேண்டும். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

செய்யக்கூடாதவை:

- ஷவலையும் புரோப் கோலையும் வண்டியில் கட்டாதீர்கள். வண்டி புதைந்தால் அவையும் புதைந்துவிடும். இரண்டும் முதுகுப்பையிலும் டிரான்ஸீவர் உடம்பிலும் இருக்க வேண்டும்.
- டிரான்ஸீவருக்கு அருகே செல்போன், ஹீட்டர் வைத்த உடை போன்றவற்றை வைக்காதீர்கள். சிக்னல் அனுப்பும்போது குறைந்தது 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. இடைவெளி விடுங்கள்.
- காற்றடைத்து விரியும் ஏர்பேக் முதுகுப்பை இருக்கிறதே என்று துணிந்து ஏறாதீர்கள். பனிச்சரிவில் கடுமையாகச் சிக்கியவர்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், ஏர்பேக் விரிந்தவர்களின் இறப்பு 22 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஏர்பேக் இல்லாவிட்டால் இறந்திருக்கக்கூடியவர்களில் பாதிப் பேர் அது விரிந்தும் இறக்கிறார்கள். மரத்திலும் பாறையிலும் மோதும் அடியை ஏர்பேக்கால் முழுதாகத் தடுக்க முடியாது.
- சமதள அனுபவத்தை மலைக்குக் கொண்டுவராதீர்கள். ஒன்டாரியோவின் செப்பனிட்ட தடங்களில் பல குளிர்காலம் ஓட்டியவருக்கும் மலைப்பனி புதுப் பாடம்தான்.

மலையில் இருக்கும்போது

செய்ய வேண்டியவை:

- சாய்வை அளந்து பாருங்கள். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் தொடங்குகின்றன. ஏறி விளையாட ஆசையூட்டுவதும் அதே சாய்வுதான். அபாயம் கூடிய நாட்களில் 30 பாகைக்குக் குறைந்த, மேலே செங்குத்துச் சாய்வு இல்லாத இடங்களில் ஓட்டுங்கள்.
- பனி சொல்வதைக் கேளுங்கள். அண்மையில் பக்கத்தில் சரிந்த தடயம், காலடியில் 'வும்ப்' என்று அமுங்கும் ஓசை, வண்டியிலிருந்து ஓடிப் பரவும் விரிசல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள். ஒரே நாளில் 30 செ.மீ. அளவுக்குப் புதுப்பனி, பலத்த காற்று, மழை, திடீர் வெயில் ஆகியவையும் அபாயத்தைக் கூட்டும்.
- ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏறுங்கள். மற்றவர்கள் பனி வந்து விழாத இடத்தில் நின்று, ஏறுபவரைக் கண்ணெடுக்காமல் பாருங்கள்.
- வண்டிகளை வெளியேறும் திசை நோக்கி நிறுத்துங்கள்.

செய்யக்கூடாதவை:

- சிக்கிக்கொண்டவருக்கு உதவ இரண்டாவது வண்டியை ஏற்றாதீர்கள். நல்ல மனசோடு செய்யும் இந்தக் காரியம்தான் பல உயிர்களைப் பறித்திருக்கிறது. இன்னொரு வண்டியின் எடை அதே சாய்வில் ஏறியதும் பனி அறுந்து, இருவரையும் சேர்த்து இழுத்துப் போகும். சிக்கியவரே வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பி இறங்கட்டும்.
- சாய்வின் அடிவாரத்தில் கூட்டம் போடாதீர்கள். 2010 மார்ச் 13 அன்று ரெவல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில், ஓட்டுபவர்கள் கூடிய நிகழ்ச்சி ஒன்றின்போது பனி சரிந்தது. வேடிக்கை பார்க்க நின்றவர்களை அது அள்ளிக்கொண்டு போனது. 2 பேர் இறந்தார்கள். 30 பேருக்கு மேல் காயமடைந்தார்கள்.
- 'ஏற்கெனவே நாலு தடம் இருக்கிறது, ஒன்றும் ஆகாது' என்று நம்பாதீர்கள். அடியில் வலுவற்ற அடுக்கு புதைந்திருந்தால், மேலுள்ள பனி கடுகு சிந்திய தரையில் போட்ட பலகை போன்றது. ஐந்தாவது வண்டி அந்தப் பனி மெல்லியதாக இருக்கும் ஓரிடத்தைத் தொட்டால் முழுப் பலகையும் நகரும். சாய்வின் அடியில் ஓட்டும்போதே மேலிருந்து சரிவதும் உண்டு.
- ஓடைப் பள்ளம், மரக்கூட்டம், பாறை விளிம்பு ஆகியவற்றின் மேலுள்ள சாய்வில் ஏறாதீர்கள். அங்கே சிறிய சரிவுகூட ஆளை ஆழமாகப் புதைக்கும், அல்லது மோதிக் கொல்லும்.

சரிந்துவிட்டால்

செய்ய வேண்டியவை:

- சிக்கியவர் நீங்கள் என்றால் ஏர்பேக்கின் கைப்பிடியை இழுங்கள். முடிந்தால் திராட்டிலை அழுத்திப் பக்கவாட்டில் தப்புங்கள். தூக்கி எறியப்பட்டால் வண்டியிலிருந்து விலகி, மேலே வரப் போராடுங்கள். பனி நிற்பதற்கு முன் கையை முகத்துக்கு முன் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் விடுங்கள். நின்ற பிறகு பனி இறுகி, விரலைக்கூட அசைக்க விடாது.
- வெளியில் நிற்பவர் என்றால், ஆளைக் கடைசியாகப் பார்த்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே இன்னும் சரியக்கூடிய பனி இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் தலைமை ஏற்று, எல்லா டிரான்ஸீவர்களையும் தேடும் நிலைக்கு மாற்றச் சொல்லட்டும். வண்டி எஞ்சினின் மின்காந்த இரைச்சலால் சிக்னல் குழம்பும். எஞ்சினை அணைத்துவிட்டுத் தேடுங்கள்.
- புரோப் கோல் ஆளைத் தொட்டதும் அதை உருவாதீர்கள். அதற்குச் சற்றுக் கீழே, சாய்வின் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்டத் தொடங்குங்கள். முதலில் முகத்தையும் நெஞ்சையும் விடுவியுங்கள். மூச்சு இல்லையென்றால் அங்கேயே செயற்கைச் சுவாசம் கொடுங்கள்.

செய்யக்கூடாதவை:

- உதவி கேட்க ஆளைக் கீழே அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். செயற்கைக்கோள் கருவியில் எஸ்.ஓ.எஸ். அழுத்திவிட்டு, எல்லாரும் உடனே தேடுங்கள்.
- இரண்டாவது சரிவை மறக்காதீர்கள். 2008 டிசம்பர் 28 அன்று ஃபெர்னி அருகே, முதல் சரிவில் புதைந்தவர்களைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மேல் மறுபடியும் பனி விழுந்தது. மொத்தம் 11 பேரில் 8 பேர் இறந்தார்கள்.

இதை முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள்

பனிச்சரிவில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் தாங்களோ தங்கள் குழுவினரோ தொடக்கிவைத்த சரிவில்தான் சிக்குகிறார்கள். அதனால் தப்புவதும் பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஒரு விதி வையுங்கள்: குழுவில் யார் 'இந்தச் சாய்வு வேண்டாம்' என்றாலும், காரணம் கேட்டு வாதாடாமல் எல்லாரும் திரும்ப வேண்டும். அனுபவம் குறைந்தவர் சொன்னாலும் அப்படியே. பயப்படுகிறானே என்று யாரும் கேலி செய்யக்கூடாது. திரும்பி வந்துவிட்டால் அந்த மலையில் இன்னொரு நாள் ஏறலாம்.