கல்லாப்பெட்டியும் களைத்த இதயமும்



ஆண்டுதோறும் மார்ச் முடிவில் சரக்கு இருப்பை எண்ணுகிறோம். வரவேண்டிய பாக்கியை எழுதுகிறோம். ஐந்தொகை போடுகிறோம். ஒரு மூட்டை குறைந்தாலும் இரவெல்லாம் பேரேட்டைப் புரட்டுகிறோம். ஆனால் உடம்பின் இருப்பைப் பார்த்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இராது. நம்மிடமும் இல்லாமல்தான் இருந்தது. அதனால் வந்த நட்டத்தையும், அதன்பின் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம். நாம் வைத்தியம் படித்தவரல்லர். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர். ஆகவே ஆராய்ச்சி முடிவுகளை வியாபாரிக்குப் புரியும் கணக்கில் தர முயல்கிறோம்.

நமக்கு நேர்ந்தது

சிந்தாதிரிப்பேட்டையில் மொத்த மளிகை வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறோம். காலை ஒன்பது மணிக்குக் கல்லாவில் அமர்ந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் எழுந்திருப்போம். மூட்டையை ஆட்கள் இறக்குவார்கள். சிட்டையைக் கணக்குப்பிள்ளை எழுதுவார். டீயும் போண்டாவும் இருந்த இடத்திற்கே வரும்.

ஐம்பது வயதில் இரத்தக் கொதிப்பு இருப்பதாகச் சொல்லி மருத்துவர் மாத்திரை கொடுத்தார். இரண்டு ஆண்டு சாப்பிட்டோம். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. இனி எதற்கு என்று நாமாகவே நிறுத்திவிட்டோம். சர்க்கரை சற்றுக் கூடியிருப்பதாக ஒருமுறை சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பத்தாண்டு கழிந்தது. பரணில் ஏறி இருப்புப் பார்த்துவிட்டு இறங்கினால் மூச்சு வாங்கியது. வயதாகிவிட்டது என்று நினைத்தோம். மாலையில் செருப்பு வார் காலில் பதிந்து பள்ளம் விழுந்தது. உட்கார்ந்தே இருப்பதால் நீர் இறங்கியிருக்கிறது என்று நினைத்தோம். இரவில் படுத்தால் இருமல் வந்தது. ஒரு தலையணை இரண்டாயிற்று, பிறகு மூன்றாயிற்று. வாயு என்று சொல்லி சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்தோம். தீபாவளி வியாபார நெருக்கத்தில் ஒரு நள்ளிரவு, படுக்கவே முடியாமல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மகன் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனான்.

அங்கே சொன்ன பெயர் 'ஹார்ட் ஃபெயிலியர்'. இதயம் நின்றுபோய்விட்டது என்று பொருள் கொண்டு வீட்டில் அழுதார்கள்.

இதயச் செயலிழப்பு என்றால் என்ன?

இதயம் நின்றுபோவதல்ல இது. கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது; ஆனால் மேல்தொட்டிக்கு வேண்டிய தண்ணீர் ஏறவில்லை. அதுபோலத்தான். இதயத் தசை பலவீனமாகிப் போதிய இரத்தத்தை வெளியே தள்ள முடியாமல் போகலாம். அல்லது தசை விறைத்துப்போய், உள்ளே வரும் இரத்தத்தைச் சரியாக வாங்க முடியாமல் போகலாம். எப்படியானாலும் இரத்தம் பின்னே தேங்குகிறது. நுரையீரலில் நீர் சேர்ந்தால் மூச்சு வாங்குகிறது. காலில் சேர்ந்தால் வீங்குகிறது.

மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பில் இதயத் தசைக்குப் போகும் இரத்தக் குழாய் திடீரென்று அடைபடுகிறது. அதில் தசையின் ஒரு பகுதி சேதமடைந்தால், பிழைத்தவருக்கும் பின்னாளில் செயலிழப்பு வரலாம். ஆண்டுக்கணக்கில் அடக்காமல் விட்ட இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், வால்வுக் கோளாறு, மிதமிஞ்சிய மது ஆகியவையும் இதற்குக் காரணமாகின்றன.

இரண்டு பழைய கடன்கள்

அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. ஊர் மக்களைத் தலைமுறை தலைமுறையாகப் பரிசோதித்து, யாருக்கு எதனால் இதய நோய் வருகிறது என்று எழுதி வந்தார்கள். சர்க்கரை நோய் உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரண்டு மடங்கும், பெண்களுக்கு ஐந்து மடங்கும் அதிகம் என்று 1974இல் தெரிவித்தார்கள். கடையையும் வீட்டையும் சேர்த்துச் சுமக்கும் நம் இல்லத்தரசிகள் இதைக் கவனிக்க வேண்டும். 1996இல் வெளியான இன்னொரு கணக்கின்படி, அங்கே செயலிழப்பு வந்த நூறு பேரில் 91 பேருக்கு அதற்கு முன்பே இரத்தக் கொதிப்பு இருந்தது. நாமாக நிறுத்திய அந்த மாத்திரை நினைவுக்கு வருகிறதல்லவா?

நம் பக்கத்துக் கணக்கு இன்னும் கடுமையானது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தார், 2013இல் இதயச் செயலிழப்புக்காக அந்த மாவட்ட மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. ஓராண்டுக்குள் நூற்றுக்கு 31 பேர் இறந்தனர். ஐந்தாண்டு முடிவில் நூற்றுக்கு 59 பேர் இல்லை. பயமுறுத்த இதை எழுதவில்லை. நாமும் அந்த வயதில் அந்தப் பட்டியலில் இருப்பவர்தான். வந்த பிறகு சமாளிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கணக்கோடு சொல்கிறோம்.

உட்கார்ந்த தொழில்

1953இல் லண்டனில் மோரிஸ் என்ற மருத்துவர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுதும் அமர்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே கம்பெனி. பெரிய வித்தியாசம் உட்காருவதும் நடப்பதும்தான்.

நம்மையே பற்றிய ஆராய்ச்சி ஒன்றும் இருக்கிறது. 1956இல் ஜீன் மேயர் என்ற உணவியல் அறிஞரும் வங்காள நண்பர்களும் மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 ஆண்களின் உணவையும் எடையையும் வேலையையும் எழுதி வைத்தார்கள். ஆலையைச் சார்ந்த கடைத்தெருவில் நாள் முழுதும் உட்கார்ந்திருந்த கடைக்காரர்களும் அதில் உண்டு. உடம்பு அசையாதவர்களில் முதலிடம் அவர்களுக்குத்தான். ஆனால் சாப்பாட்டில், மூட்டை சுமக்கும் கூலிக்காரருக்கு அவர்கள் குறைந்தவரல்லர்! எடையோ மிக அதிகம். அசையாமல் உட்கார்ந்தால் பசி தானே குறையும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை என்று காட்டியது நம் போன்ற வியாபாரிகளின் தட்டு.

சின்னத் தறிப் பேட்டை என்று நெசவாளர்களைக் குடியமர்த்தி 1730களில் உண்டானது நம் பேட்டை. தறியில் கையும் காலும் ஓயாது. இன்று அதே தெருக்களில் நம் விரல் மட்டும் செல்போனில் ஓடுகிறது.

சென்னையிலேயே கிடைத்த விடை

இதைத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவு 2006இல் வெளியாயிற்று. சர்க்கரை நோய் இன்னும் வராமல், வரும் எல்லையில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். ஒரு பிரிவுக்கு உணவு, நடைப் பழக்கம். ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. ஒரு பிரிவுக்கு இரண்டும்.

மூன்று ஆண்டில் கிடைத்த முடிவு இது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவும் நடையும் மாற்றியவர்களில் 39 பேர். மாத்திரைப் பிரிவில் 40 பேர். இரண்டும் சேர்ந்த பிரிவிலும் 39 பேர்தான்.

வியாபாரியாக இதைப் பார்ப்போம். இலாபம் முழுமையானதல்ல, நடந்தவர்களிலும் 39 பேருக்கு நோய் வந்தது. ஆனால் நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பினார்கள். ஏறத்தாழ ஆறு பேர் பழக்கத்தை மாற்றினால் ஒருவர் அந்த மூன்றாண்டில் தப்புகிறார். முதலீடோ நாளுக்கு அரை மணி நடை. இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் குறைப்பது. காய்கறி, கீரை, பருப்பைக் கூட்டுவது. அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை; ஆயினும் பலன் கிடைத்தது. நடந்தும் தொப்பை குறையவில்லையே என்று ஒரு மாதத்தில் கைவிடுபவர்கள் இதை மறக்க வேண்டாம்.

அதே குழுவினர் வேலைக்குச் செல்லும் 537 ஆண்களிடம், செல்போன் குறுஞ்செய்தி மூலம் நினைவூட்டிப் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டாண்டில் செய்தி பெற்றவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கும், பெறாதவர்களில் 27 பேருக்கும் நோய் வந்தது. யாராவது நினைவூட்டிக்கொண்டே இருந்தால் மனிதன் செய்கிறான் என்று தெரிகிறது.

தெருவாரே போட்ட பூங்கா

டாக்டர் வி. மோகன் குழுவினர் 1996இல் தொடங்கிய ஆய்வில் தி. நகரிலும் திருமங்கலத்திலும் இரண்டு குடியிருப்புகளை வீடு வீடாகப் பரிசோதித்தார்கள். வருமானம் குறைந்த தி. நகர்ப் பகுதியைவிட, நடுத்தர வருமானத்தாரின் திருமங்கலம் ஆசியாட் காலனியில் சர்க்கரை நோய் கிட்டத்தட்ட இரு மடங்கு. முடிவைக் கேட்ட காலனிவாசிகள் தங்கள் கைப்பணத்தைப் போட்டு நடைப் பூங்கா ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். முன்பு வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்கு 14 பேர். பிறகு அது 58க்கு மேல் உயர்ந்ததாக 2006இல் எழுதினார்கள். நமக்குப் பூங்கா போடும் செலவுகூட இல்லை. மே தினப் பூங்கா கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

நோய் வந்தவர்களுக்கு

ஏற்கெனவே நம்மைப் போல் ஆகிவிட்டவர்களுக்கு நடையும் பத்தியமும் மட்டும் போதாது. மருந்துதான் முதல், பழக்கம் அதற்குத் துணை. அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறோம்.

1. மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. நன்றாக இருப்பது அந்த மாத்திரையால்தான்.

2. தினமும் காலை எடை பார்க்க வேண்டும். ஊராரின் சரக்கை நிறுக்கும் தராசு கடையில் இருக்கிறது. நாற்பது ஆண்டில் நாம் அதில் ஏறி நின்றதில்லை! இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

3. உப்பு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். ஆயினும் நாள் முழுதுக்கும் ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். விற்பது நாம்தான், தின்பதில் நிதானம் வேண்டும்.

4. முழங்கால் வலி, முதுகு வலி என்று மருந்துக் கடையில் தானாகக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென் போன்ற மாத்திரைகள் உடம்பில் நீரைத் தேக்கி இந்த நோயை மோசமாக்கும். கேட்காமல் விழுங்கக் கூடாது.

5. தண்ணீர் எவ்வளவு, நடை எவ்வளவு என்பதை அவரவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்துக் கடைக்காரரின் அளவு நமக்குப் பொருந்தாது.

நல்ல செய்தியும் உண்டு. சர்க்கரைக்காகக் கண்டுபிடித்த டாபாகிளிஃப்ளோசின் என்ற மருந்து, சர்க்கரை இல்லாத இதய நோயாளிக்கும் உதவுகிறது என்று 4,744 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2019இல் காட்டியது. 2020க்குப் பின் நம் நாட்டுக் கம்பெனிகள் பலவும் இதைத் தயாரிப்பதால் விலை இறங்கியிருக்கிறது. தமக்கு ஏற்றதா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

இரத்தக் கொதிப்புக்கு வலி இல்லை. ஆரம்பச் சர்க்கரைக்கும் வலி இல்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும். ஆகவே மாதக் கூட்டத்தன்று அரை மணி முன்னதாக வந்து, உறுப்பினர் ஒவ்வொருவரும் இரத்த அழுத்தமும் எடையும் பார்த்துக் குறித்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். அளக்கும் கருவியின் விலை ஒரு மூட்டை அரிசியின் விலைகூட ஆகாது. 140க்கு 90 என்ற அளவைத் தொட்டவர் மருத்துவரிடம் போனாரா என்று அடுத்த மாதம் கேட்கவும் வேண்டும். மூட்டை தூக்கும் ஆட்களையும் கணக்குப்பிள்ளைகளையும் இதில் விட்டுவிடக் கூடாது.

நாம் இப்போது அதிகாலையில் பூங்காவில் மெல்ல இரண்டு சுற்று நடக்கிறோம். அதற்குமேல் மருத்துவர் அனுமதிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பானால் பத்துச் சுற்று நடந்திருக்கலாம். அன்று நேரமில்லை என்றோம். இதைப் படிக்கும் நாற்பது வயதுத் தம்பிகள் நாளைக் காலை கடை திறக்குமுன் வாருங்கள். சேர்ந்து தொடங்குவோம், நாம் இரண்டாவது சுற்றில் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறோம், நீங்கள் தொடர்ந்து நடங்கள்.