ரோஜர்ஸ் துரையின் கல்லறையில் இடி விழுகிறதா?

கேள்வி: ஆயிரம் யானைக்கு மேல் சுட்டுக் கொன்ற ஒரு வெள்ளைக்காரத் துரை இடி விழுந்து செத்தான், அவன் கல்லறையிலும் வருசா வருசம் இடி விழுகிறது என்று தோட்டத்தில் வேலை செய்த எங்கள் அம்மாயி சொல்வார். இது உண்மையா? கல்லறை எங்கே இருக்கிறது? பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட ஆசை. மாமியார்தான், சின்னப் பிள்ளைகளுக்குச் சுடுகாட்டுப் பக்கம் என்ன வேலை என்று தடுக்கிறார்.
— ஒரு வாசகி, மொனராகலை

பதில்: உங்கள் அம்மாயி சொன்ன துரை, மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ். பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர். 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது. அவர் இறந்த விதத்தை அங்குள்ள கல்வெட்டிலேயே வாசிக்கலாம். உடல் அடக்கம் செய்யப்பட்டது நுவரெலியாவில்.

ஆக, இடி விழுந்து இறந்தது உண்மை. யானைக் கணக்கைப் பொறுத்தவரை, 1,400க்கு மேல் என்று, இலங்கையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதினார். அது அக்காலத்தில் பேசப்பட்ட தொகை. தலையை எண்ணிப் பதிந்த பேரேடு அல்ல. வருடாவருடம் இடி விழும் கதையை நம்ப வேண்டியதில்லை. அப்படி விழுந்திருந்தால் 180 வருடத்தில் அந்தக் கல் தூளாகியிருக்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் மலைநாட்டில் இடி முழங்காத பின்னேரம் குறைவு. கதைக்கு அதுவே தீனி.

ஆனாலும் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அன்று யானையைக் கொல்வது குற்றமல்ல, அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. ரோஜர்ஸோ ஊருக்கே நீதிபதி. அவர்மேல் எந்தக் கோட்டில் வழக்குப் போடுவது? சனங்கள் வழக்கை வானத்திடம் கொடுத்தார்கள். ஒருமுறை விழுந்த இடி போதாதென்று தீர்ப்பை வருடாவருடம் புதுப்பித்தும் கொண்டார்கள்.

நுவரெலியா உங்களுக்குத் தூரம் என்றால் பதுளையில் தொடங்குங்கள். ஆலயக் கல்வெட்டோடு சோபியா வில்சனின் நடுகல்லையும் பாருங்கள். ஓர் அரச மரம் அந்தக் கல்லைத் தன் அடிமரத்துக்குள் இறுக்கிப் பிடித்திருக்கிறது. சோபியா இறந்தது 1817இல். அதே வருடம் அவர் கணவர் சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் என்ற அதிகாரி, ஊவா–வெல்லஸ்ஸ கிளர்ச்சி மூண்ட வேளையில் கொல்லப்பட்டார். அந்த வெல்லஸ்ஸ வேறெங்கும் இல்லை, இன்றைய உங்கள் மொனராகலை மாவட்டம்தான்.

வெல்லவாய, கொஸ்லந்தை, பெரகலை வழியாக ஹப்புத்தளைக்கு ஏறினால் ரோஜர்ஸ் இறந்த ஊரையே பார்த்துவிடலாம். பக்கத்துத் தியத்தலாவையில் போயர் போர்க் கைதிகளின் நினைவுச்சின்னம் உண்டு. தென்னாபிரிக்காவிலிருந்து 1900 முதல் கொண்டுவரப்பட்டவர்களில், ஊர் திரும்பாமலே இறந்தவர்களுக்கானது அது. தியத்தலாவை இராணுவ முகாம்கள் உள்ள பகுதி என்பதால் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

அதே பாதையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை வரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவு லயங்களை மூடியது. உடல் கிடைக்காமலே போன பலருக்கு அந்த மலைச்சரிவே கல்லறை. துரையின் கல்லைக் காட்டப் போகிற பிள்ளைகளுக்கு இதையும் காட்டுங்கள். அங்கே படம் பிடிக்க வேண்டாம்.

மாமியாரோடு வாக்குவாதம் வேண்டாம். பகலில் போய், வந்ததும் தலைமுழுகிவிட்டு வீட்டுக்குள் போங்கள்; அவர் மனமும் ஆறும். ஆலய வளவில் பொறுப்பாளரிடம் முதலில் சொல்லுங்கள். எழுத்துத் தெரியவில்லை என்று கல்லின் பாசியைச் சுரண்டாதீர்கள், சுண்ணாம்புக்கட்டி பூசாதீர்கள். சாய்ந்த வெயிலில் பார்த்தால் மங்கிய எழுத்தும் துலங்கும்.

ஒரு வேண்டுகோள். தோட்டத் துரைமாருக்குப் பேர் பொறித்த கல் இருக்கிறது. அவர்களிடம் பேர் பதிந்து வேலை செய்த நம் ஆட்களில் அநேகருக்கு மண்மேடுதான், அதுவும் சில மழைக்காலத்தோடு கரைந்துவிடும். உங்கள் குடும்பத்தில் யார், எந்தத் தோட்டத்தில், எந்த டிவிஷனில் புதைக்கப்பட்டார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பயணத்துக்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.