அந்திநேர அழுகை

கேள்வி: ஒன்றரை மாதக் குழந்தை பொழுது சாய்ந்தாலே வயிறு உப்பி, காலை மடக்கி வீறிடுகிறது. மாமியார் வசம்பு உரைத்துப் புகட்டச் சொல்கிறார். தரலாமா?
- வாசகி, பாபநாசம்

பதில்: வேண்டாம். வசம்புக்குள்ள 'பிள்ளை வளர்ப்பான்' என்ற பெயரை நம்பி ஏமாறாதீர்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான். கிரைப் வாட்டரும் கூடாது. 1851-ல் இங்கிலாந்தில் அது பிறந்தபோது அதில் ஆல்கஹால் இருந்தது. பிள்ளை அடங்கியதில் வியப்பென்ன!

பால் குடித்ததும் தோளில் சாய்த்து, ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டிக்கொடுங்கள். மல்லாத்திக் கிடத்தி, சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களை அசைத்துவிடுங்கள். மாமியாருக்கும் வேலை உண்டு: வெதுவெதுப்பான உள்ளங்கையால் தொப்புளைச் சுற்றி வலஞ்சுழியாக நீவட்டும், பால் கொடுத்த உடனே மட்டும் வேண்டாம். இந்த அழுகை ஆறாம் வாரத்தில்தான் உச்சம்; மூன்று, நான்கு மாதத்தில் பெரும்பாலும் தானே ஓயும்.

பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், காய்ச்சல், பால் மறுப்பு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்றிருக்காமல் தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனைக்குத் தூக்கிப்போங்கள்.